ஒரு நாள் ஓட்டம் போதாது

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளை வாரம் ஒரு மாலை மைதானத்துக்குக் கூட்டி வந்தால் என்னவெல்லாம் மாறும்? கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு சிறப்புப் பார்வை.

டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் தினம். அதையொட்டி மற்ற மாவட்டங்களைப் போலவே தேனியிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான விளையாட்டுப் போட்டிகள் நடப்பது வழக்கம். காலையிலேயே சிறப்புப் பள்ளிகளின் வேன்கள் வந்து நிற்கும். ஆசிரியைகள் பிள்ளைகளின் கையைப் பிடித்து வரிசையில் நிறுத்துவார்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தனிப் போட்டி, செவித்திறன் குறைபாடு உள்ளவர்களுக்குத் தனிப் போட்டி, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தனிப் போட்டி. கடைசிப் பிரிவில் 50 மீட்டர் ஓட்டம், 100 மீட்டர் ஓட்டம், சாஃப்ட்பால் எறிதல், குண்டு எறிதல் என்று சில போட்டிகள் இருக்கும்.

விசில் ஊதியதும் ஒரு பையன் நேரே பாய்வான். இன்னொருவன் அந்தச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு அங்கேயே நிற்பான். மூன்றாவது பையன் நன்றாக ஓடி வந்து, முடிவுக் கோட்டுக்கு ஓரடி முன்னால் நின்று கூட்டத்தில் அம்மாவைத் தேடுவான். கூட்டமே "இன்னும் ஒரு எட்டு... வாடா தங்கம்!" என்று கத்தும். மதியத்துக்குள் சான்றிதழ், கேடயம், போட்டோ எல்லாம் முடியும். வேன்கள் கிளம்பிவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அடுத்த ஓட்டம் அடுத்த டிசம்பரில்தான்.

அந்த ஒரு நாளையாவது விடாமல் நடத்துகிற அலுவலர்களையும் ஆசிரியர்களையும் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், கோட்டுக்கு முன்னால் நின்றுவிட்ட அந்தப் பையனுக்குக் கோட்டைத் தாண்டி ஓட வேண்டும் என்று யார், எப்போது சொல்லிக் கொடுத்தார்கள்? வாரம் ஒருமுறை பழகியிருந்தால் நாலே வாரத்தில் பிடிபட்டிருக்கக்கூடிய விஷயம் அது. விளையாட்டை விழாவாக வைத்திருக்கிறோம், பழக்கமாக மாற்றவில்லை. இந்தக் கட்டுரை பேச வருவது அதைத்தான்.

ஜீப் கிளம்பிய பிறகு

கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கத்து ஊர்களில் விடியும் முன்பே ஜீப்கள் உறுமத் தொடங்கிவிடும். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு மலைப்பாதைகளில் ஏறி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்கள். போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புவார்கள். கீழே பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குத் திராட்சைத் தோட்டம், வயல், வாழை என்று அதே நேரத்தில் வேலை இருக்கும்.

இப்படி ஒரு வீட்டில் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை இருந்தால், பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வது பாட்டிதான். பாட்டிக்குத் தெரிந்த பாதுகாப்பு, வெளியே விடாமல் வைத்துக்கொள்வது. எதிரே டிவி, கையில் பிஸ்கட் பாக்கெட். பள்ளி வயது இருக்கும்வரை வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருவார். இயன்முறை மருத்துவர் பார்ப்பார். தேனி மாவட்டத்தின் 8 ஒன்றியங்களிலும் இந்த ஏற்பாடு உண்டு. 18 வயது முடிந்ததும் பள்ளிக் கல்வித் துறையின் கை விலகிவிடுகிறது. அதற்குப் பிறகு பையன் வீட்டுத் திண்ணையில். பெண் பிள்ளை திண்ணைக்கும் உள்ளே.

விளையாட அனுப்புங்கள் என்று கேட்டால் வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "அவனுக்கு எதுக்கு சார் ஓட்டமெல்லாம்? விழுந்து கிழுந்து வச்சா யாரு பாக்குறது?" அந்தப் பதிலில் அலட்சியம் கிடையாது, அத்தனையும் பயம். ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீட்டில், அடிபட்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைய யாருக்கும் தெம்பில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 15 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 1 லட்சம். கணக்கெடுக்க வந்தவரிடம் சொல்லாமல் மறைத்த வீடுகள் இதில் சேராது.

வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்கள்

வெளியே விடாமல் வைத்திருப்பது பாதுகாப்பு என்று நினைக்கிறோம். உடம்பு வேறு கணக்குப் போடுகிறது. நடமாட்டம் குறைந்தால் எடை கூடுகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்புக் குறைவது சகஜம். அதுவும் எடையைக் கூட்டும். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இதயத்தில் ஏதாவது ஒரு பிறவிக் குறையோடு பிறக்கிறார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் வலிப்பு நோய் இருப்பவர்களும் அதிகம். வலிப்புக்குத் தருகிற மாத்திரைகளில் சில பசியைத் தூண்டி எடை ஏற்றுபவை.

இவற்றையெல்லாம்விடப் பெரிய சிக்கல், வலி இருந்தால் அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது என்பது. பல் சொத்தையானால் தலையைச் சுவரில் முட்டும். காதில் குறும்பி அடைத்துக்கொண்டால் கூப்பிட்டால் திரும்பாது. கண் பார்வை குறைந்தால் படியில் தடுக்கி விழும். வீட்டில் இருப்பவர்கள் "அவன் அப்படித்தான்" என்பார்கள். சில நேரம் மருத்துவரும் அதையே சொல்லி அனுப்பிவிடுவார். எல்லா நோய்க்கும் அந்த ஒரே குறைபாட்டின் பெயரை வைத்துவிடுவதால், சுலபமாகத் தீர்க்கக்கூடிய நோய்கள் வருடக்கணக்கில் தங்கிவிடுகின்றன. எல்லோருக்கும் இலவச மருத்துவம் உள்ள இங்கிலாந்திலேயே, இவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று அந்நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன.

இந்த உண்மையை உலகம் தெரிந்துகொண்டதில் விளையாட்டு மைதானத்துக்கு ஒரு பங்கு உண்டு.

அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர். இவர்களுடைய சகோதரி ரோஸ்மேரி அறிவுசார் குறைபாடு உள்ளவர். 1941-ல் அவருக்கு மூளையில் செய்யப்பட்ட அறுவை சிகிச்சை, இருந்த திறனையும் பறித்துக்கொண்டது. மீதி வாழ்நாளைக் காப்பகத்தில் கழித்தார். 1962-ல் யூனிஸ் தன் வீட்டுத் தோட்டத்திலேயே இத்தகைய பிள்ளைகளுக்காகக் கோடை முகாம் நடத்தினார். அது வளர்ந்து, 1968 ஜூலை 20 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட் அரங்கில் முதல் சிறப்பு ஒலிம்பிக்ஸ் ஆனது. அமெரிக்கா, கனடாவிலிருந்து சுமார் 1,000 பேர் கலந்துகொண்டார்கள்.

1990-களில் இந்தப் போட்டிகளுக்கு வந்த வீரர்களை மருத்துவர்கள் பரிசோதித்துப் பார்த்தார்கள். மெடலுக்காக ஓடிக்கொண்டிருந்தவர்களில் பலர் தாங்க முடியாத பல்வலியோடு ஓடியிருந்தார்கள். பலருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது, போட்டுவிட ஆளில்லை. கால் அளவுக்குப் பொருந்தாத ஷூ போட்டுக்கொண்டு ஓடியவர்களும் நிறைய. 1997-ல் இந்தப் பரிசோதனை முறையான திட்டமானது. கண், காது, பல், பாதம், உடற்தகுதி, உணவுப் பழக்கம், மனநலம் என்று இதுவரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிசோதனைகள் உலகம் முழுக்க மைதானத்து ஓரங்களில் நடந்திருக்கின்றன. 2022 ஏப்ரலில் இந்தியாவிலும் 75 நகரங்களில் இப்படிப்பட்ட மருத்துவ முகாம்களை சிறப்பு ஒலிம்பிக்ஸ் பாரத் அமைப்பு நடத்தியது.

ஆஸ்பத்திரி என்றால் மிரண்டு அழுகிற பிள்ளை, விளையாடி முடித்த சந்தோஷத்தில் மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்டும். ஓடும்போது மூச்சு வாங்கினால் இதயத்தைப் பார்க்கத் தோன்றும். பந்தைப் பிடிக்கும்போது தடுமாறினால் கண்ணைப் பார்க்கத் தோன்றும். திண்ணையில் உட்கார்ந்தே இருக்கிற பிள்ளையிடம் இவை எதுவும் தெரியவராது.

தோற்றுப்போகாமல் எப்படி?

பெற்றோரின் அடுத்த கவலை, "எங்க பிள்ளை எங்கே ஜெயிக்கப் போகுது?" சிறப்பு ஒலிம்பிக்ஸின் விதிகள் இதற்கு அழகாக ஒரு வழி செய்திருக்கின்றன.

முதலில் எல்லோரையும் ஓடவிட்டு நேரம் குறிப்பார்கள். 100 மீட்டரை 20 விநாடியில் ஓடுகிறவர்கள் ஒரு குழு. 40 விநாடியில் ஓடுகிறவர்கள் இன்னொரு குழு. ஒரே குழுவில் இருப்பவர்களுக்கிடையே திறன் வித்தியாசம் ஏறத்தாழ 15 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். வயதும் பாலினமும் கணக்கில் வரும். ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியே தங்கம், வெள்ளி, வெண்கலம். ஆக 40 விநாடிக்காரரும் தன்னையொத்தவர்களோடு மோதி, வியர்வை சிந்தித்தான் தங்கம் வாங்க வேண்டும். சும்மா தூக்கிக் கொடுக்கிற ஆறுதல் பரிசு கிடையாது. சுலபமான குழுவில் இடம்பிடிக்கத் தகுதிச் சுற்றில் வேண்டுமென்றே மெதுவாக ஓடிவிட்டு இறுதிச் சுற்றில் பறந்தால் தகுதிநீக்கம் செய்யவும் விதி இருக்கிறது. 8 வயதில் போட்டிக்கு வரலாம். மேல் வயது வரம்பு கிடையாது.

இந்த முறையில்தான் இந்திய வீரர்கள் 2019 அபுதாபி உலகப் போட்டியில் 368 பதக்கங்களும், 2023 பெர்லினில் 202 பதக்கங்களும் வாங்கி வந்தார்கள். 2024 நவம்பரில் டெல்லியில் நடந்த ஆசிய பசிபிக் போட்டியில் போச்சி, பௌலிங் என்று இரண்டு விளையாட்டுகள். அது 22 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. பள்ளியை விட்டு வெளியேறியவர்களுக்கும் களம் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட போட்டி.

போச்சி நம் ஊருக்குப் புதிது. விளையாட்டு புரிய அரை நிமிடம் போதும். முதலில் ஒரு சின்னப் பந்தை உருட்டிவிட வேண்டும். பிறகு இரண்டு தரப்புக்கும் தலா 4 பெரிய பந்துகள். யாருடைய பந்து சின்னப் பந்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. எதிராளியின் பந்தை இடித்துத் தள்ளவும் செய்யலாம். கோலிக்குண்டு விளையாட்டின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 18 மீட்டர் நீளம், 4 மீட்டருக்கும் குறைவான அகலம் இருந்தால் ஆடுகளம் தயார். அறுவடை முடிந்த நெற்களமே போதும். எடை கூடியவர்களும் மூட்டு வலி உள்ளவர்களும் வேகமாக ஓட முடியாதவர்களும் ஆடலாம்.

சொல்லிக் கொடுப்பதில் மட்டும் சில நுணுக்கங்கள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை. வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுவது. விசிலுக்கு மிரள்கிற பிள்ளைக்குக் கொடி. முடிவுக் கோட்டில் நின்றுவிடுகிற பிள்ளைக்குக் கோட்டைத் தாண்டி 10 அடி தள்ளி, தெரிந்த முகம் ஒன்றை நிறுத்தி வைப்பது. உடற்கல்வி ஆசிரியர் யாருக்கும் இவை பெரிய வித்தையில்லை.

ஊர்ப் பிள்ளைகளும் இறங்கினால்

சிறப்புப் பள்ளிப் பிள்ளைகள் சிறப்புப் பள்ளிப் பிள்ளைகளோடு மட்டுமே விளையாடிக்கொண்டிருந்தால் ஊர் மாறாது. 1980-களிலேயே இதற்கும் ஒரு வழி கண்டார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் சேர்ந்து ஆடுவது. கூடைப்பந்தில் களத்தில் இருக்கும் 5 பேரில் 3 பேர் குறைபாடு உள்ளவர்கள், 2 பேர் கூட்டாளிகள். கைப்பந்தில் 3க்கு 3. எழுவர் கால்பந்தில் 4க்கு 3. கூட்டாளியாக வருகிற பையன் பந்தைத் தானே வைத்துக்கொண்டு மொத்த ஆட்டத்தையும் ஆடிவிடக் கூடாது. அப்படி ஆடினால் நடுவர் தலையிடுவார்.

தேனி மாவட்டத்துக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகளாகக் கோடையில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்திவருகிறது. படைப்பிரிவு, ரயில்வே, வங்கி அணிகள் வந்து மின்னொளியில் ஆடுவதைப் பார்க்க ஊரே திரளும். இத்தனை ரசனையுள்ள ஊரில், பெரிய ஆட்டம் தொடங்கும் முன்பு பத்து நிமிடம் 3க்கு 2 ஆட்டம் ஒன்று நடந்தால், பார்த்துவிட்டு வீடு போகிறவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிய எண்ணமே மாறும். காட்சிப் பொருளாக நிறுத்துகிற மாதிரி ஆகிவிடக் கூடாது. அதற்கு ஆறு மாதமாவது பழகிவிட்டுத்தான் அவர்களைக் களத்தில் இறக்க வேண்டும்.

கூட்டாளியாக ஆடுகிற பிள்ளைக்கும் இதில் லாபம் உண்டு. காத்திருப்பது, எளிமையாகச் சொல்வது, தன் திறமையை அடக்கி வைத்து இன்னொருவரைக் கோல் போட வைப்பது போன்றவற்றை எந்தப் பாடப் புத்தகமும் அதற்குச் சொல்லித் தராது.

கல்லெடாவிலிருந்து பாரிஸ்

உச்சியைத் தொட்ட ஒருவரையும் பார்த்துவிடுவோம். தெலங்கானாவின் வாரங்கல் மாவட்டத்தில் கல்லெடா கிராமத்தைச் சேர்ந்தவர் தீப்தி ஜீவன்ஜி. பெற்றோர் கூலி வேலை பார்த்தவர்கள். சூரிய கிரகணத்தன்று பிறந்த பிள்ளை, அதனால்தான் இப்படி என்று ஊரார் பேசினார்கள். தோற்றத்தைச் சொல்லிக் கேலி செய்தார்கள். பள்ளி உடற்கல்வி ஆசிரியர் அவருடைய ஓட்டத்தைக் கவனித்தார். பிறகு பயிற்சியாளர் நாகபுரி ரமேஷ் ஹைதராபாத்துக்கு அழைத்துப் போனார். செகந்திராபாத்தில் உள்ள அறிவுசார் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனத்தில் பரிசோதனை நடந்து, முறையான சான்று கிடைத்தது.

2023 ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம். கஷ்டத்துக்கு விற்ற நிலத்தை அந்தப் பரிசுப் பணத்தில் குடும்பம் திரும்ப வாங்கியது. 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் 55.07 விநாடியில் ஓடி உலக சாதனை. அதே ஆண்டு செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்ஸில் 55.82 விநாடியில் வெண்கலம். பாராலிம்பிக்ஸ் பதக்கம் வென்ற, அறிவுசார் குறைபாடுள்ள முதல் இந்தியர் அவர்.

அந்தக் களமே இவர்களுக்குப் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2000 சிட்னி பாராலிம்பிக்ஸில் தங்கம் வென்ற ஸ்பெயின் கூடைப்பந்து அணியின் 12 பேரில் 10 பேருக்கு எந்தக் குறைபாடும் இல்லை என்பது பிறகு அம்பலமானது. ஏமாற்றியவர்கள் போய்விட்டார்கள்; தண்டனை அனுபவித்தவர்கள் உண்மையான வீரர்கள். 2012 லண்டன் போட்டியில்தான் அவர்களுக்கு மறுபடி கதவு திறந்தது. சான்றிதழ் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

தீப்தியின் கதையில் நமக்கு வேண்டியது பதக்கம்கூட இல்லை. ஒரு கிராமத்துப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர், வகுப்பில் பின்தங்கிய ஒரு பெண்ணையும் ஓட்டத்தில் சேர்த்துக்கொண்டார். மற்றதெல்லாம் அங்கிருந்து வந்தது.

பெண் பிள்ளைகள்

பையனையாவது அனுப்புவார்கள், பெண் வயதுக்கு வந்ததும் வீட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். பெற்றோரின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. நல்லது கெட்டது சொல்லத் தெரியாத பெண் பிள்ளையைக் குறிவைக்கிறவர்கள் பற்றிய செய்திகளை எல்லோரும் படிக்கிறோம்.

இந்த அச்சத்தைப் பேச்சால் போக்க முடியாது, ஏற்பாட்டால்தான் முடியும். பெண் பயிற்சியாளர், பூட்டக்கூடிய கழிப்பறை, நாப்கின், கூட வருகிற அம்மாவோ அத்தையோ உட்கார இடம், இருட்டும் முன் வீடு சேர்க்கிற வண்டி. இவை இருந்தால் அனுப்புவார்கள். மைதானத்தில் பழகுகிற பெண்ணுக்கு இன்னொன்றும் வாய்க்கிறது. எந்தத் தொடுதல் சரி, எது சரியில்லை, பிடிக்கவில்லை என்றால் கையைத் தட்டிவிட்டு யாரிடம் ஓட வேண்டும் என்பதை உடம்பால் செய்து பழக அதைவிட நல்ல இடம் இல்லை. வீட்டுக்குள் பூட்டி வைத்தால் இது வராது; பூட்டிய வீட்டுக்குள்ளும் ஆபத்து வரும் என்பது தெரிந்ததுதான்.

களத்தில் இறக்கும் முன்... பெற்றோர் கவனத்துக்கு

* இதயம், தைராய்டு, கண், காது, பல் ஆகியவற்றை ஒருமுறை முழுதாகப் பரிசோதியுங்கள். சிறு வயதுப் பிள்ளைகளுக்கு அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் இதற்கு வசதி உண்டு.

* டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தெலும்பு இணைப்பு தளர்வாக இருக்கும். கழுத்து வலி, நடையில் திடீர் மாற்றம், புதிதாகச் சிறுநீர் கட்டுப்படாமல் போவது போன்ற அறிகுறிகள் இருந்தால் மருத்துவரிடம் காட்டிய பிறகே விளையாட்டு. குட்டிக்கரணம், தலைகீழாகத் தண்ணீரில் பாய்வது போன்றவற்றுக்கு மருத்துவரின் அனுமதி கட்டாயம்.

* வலிப்பு இருந்தால் விளையாடலாம். மாத்திரை விடக் கூடாது. ஆற்றிலோ கால்வாயிலோ தனியாக இறங்க விடவே கூடாது.

* ஷூ வாங்கும்போது பிள்ளையை நேரில் கூட்டிப் போய், நிற்க வைத்து அளவு பாருங்கள்.

* மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை, பயணச் சலுகை, போட்டிகளில் பதிவு என எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம்.

யார் தொடங்குவது?

விளையாட்டில் பங்கேற்கும் உரிமையை 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு வந்துவிட்டது. உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழக அரசின் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' சேவை மையங்கள் திறக்கப்படுகின்றன. இங்கிருந்து தெற்கே, தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பிப் பிள்ளைகளைத் தேற்ற முடியும் என்று காட்டியிருக்கிறது.

தேனி மாவட்டத்திலும் தேவையானவை தனித்தனியாக இருக்கவே செய்கின்றன. தேனியில் விளையாட்டு அரங்கம், க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி, ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வள மையம், அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர்கள், 2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள். ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வருகிற அந்த ஊழியர், திண்ணையில் இருக்கிற பையனின் எடையையும் பல்லையும் பார்த்து எழுதிக்கொண்டு போக அதிகம் நேரம் ஆகாது. அந்தப் பட்டியல் வட்டார வள மையத்துக்குப் போனால் 18 வயதோடு கணக்கிலிருந்து நழுவியவர்கள் மறுபடி கணக்கில் வருவார்கள்.

ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு அரசுப் பள்ளி மைதானத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒரு மாலை, இரண்டு மணி நேரம். தோட்டத்து ஜீப் ஓடாத ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அம்மாக்களும் வர முடியும். அந்தப் பள்ளியின் 9, 11-ம் வகுப்பு மாணவர்கள் கூட்டாளிகளாகச் சேரட்டும். மாதம் ஒருமுறை மருத்துவக் கல்லூரியிலிருந்து பயிற்சி மருத்துவர்கள் வந்து மைதானத்து ஓரத்தில் மேசை போட்டு உட்காரட்டும். வீட்டிலிருந்து கூட்டி வர ஒரு வண்டி வேண்டும். அந்த டீசல் செலவை ஊராட்சியோ ஊர்ப் பெரியவர்களோ ஏற்றுக்கொள்ளலாம். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குக் கேட்காமலே கொடுக்கிற கைகள் இந்த மண்ணில் நிறைய உண்டு.

இதற்குப் புது அரசாணை வேண்டியதில்லை, புதுக் கட்டடம் வேண்டியதில்லை. ஒரு தலைமையாசிரியர் கேட்டைத் திறந்து வைத்தால் முதல் வாரம் நடந்துவிடும். இரண்டாவது வாரமும் அதே கிழமையில் அதைத் திறந்து வைப்பதுதான் கஷ்டம். ஒரு வருடம் விடாமல் திறந்து வைக்கிற ஊர், வருகிற டிசம்பர் 3-ல் கேடயம் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை.